வயது கேட்காத வாசல்கள்: யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர், உயரவாரியாக ஒரு விமர்சனம்

குழந்தைக்கு நாலு வயது ஆகப்போகிறது, இப்போதே கூட்டிப்போகலாமா, இல்லை இரண்டு வருஷம் பொறுக்கலாமா? சிங்கப்பூருக்கு டிக்கெட் போடும் வீடுகளில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பற்றி முதலில் எழும் கேள்வி இதுதான். ஆனால் வயதைப் பார்ப்பது நுழைவுச்சீட்டு மட்டும். உள்ளே போனபின் ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கிறது. அதற்குச் சென்டிமீட்டரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு முக்கால் பூங்கா திறக்கும், இன்னொருவனுக்குப் பாதிகூடத் திறக்காது. அதனால்தான் இந்த விமர்சனமும் உயரவாரியாகப் போகிறது.

செந்தோசா தீவில், ரிசார்ட்ஸ் வோர்ல்ட் வளாகத்துக்குள் 2010இல் திறந்த பூங்கா இது. பரப்பு சுமார் 20 ஹெக்டேர், அதாவது 50 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. யூனிவர்சல் பூங்காக்களில் சிறியது என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடக்கும் பெற்றோருக்கு அந்தச் சிறிய அளவே பெரிய உதவி. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வளையல்போல் பகுதிகள்: ஹாலிவுட்டில் நுழைந்தால் நியூயார்க், சைஃபை சிட்டி, பழைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்ட் என்று சுற்றி மறுபடி ஹாலிவுட்டுக்கே வந்துவிடலாம். மடகாஸ்கர் என்று ஒரு பகுதியைக் காட்டும் வரைபடமோ காணொளியோ கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த இடத்தில்தான் 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் வந்தது.

இனி அந்த எண்கள், அதாவது எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பது. 92 செ.மீ. தொட்டால் என்சான்டட் ஏர்வேஸும் கேனபி ஃபிளையரும். 100 ஆனால் புஸ் இன் பூட்ஸ். 102க்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸும் மினியன் மேஹெமும். 107க்கு ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ். 122க்கு மம்மி. 125க்கு பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் இரண்டு தண்டவாளங்களும். இந்த 122க்கு இன்னொரு வேலையும் உண்டு: அதற்குக் கீழே உள்ள பிள்ளை எந்த ரைடிலும் தனியாக உட்கார முடியாது, பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரே பெரியவர் என்று போனால் இது உறைக்கும். இருவர் மட்டும் உட்காரும் இருக்கை என்றால் மூன்றாவது ஆள் வெளியேதான்.

வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள். வெறுங்காலோடு, குதிகாலும் பின்தலையும் சுவரில் ஒட்ட நிறுத்தி, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் வைத்து, அதன் முதுகைச் சுவரோடு அழுத்திக் கோடு போட வேண்டும். ஸ்கேலைக் கையால் பிடித்துப் பார்க்கும் அளவு எப்போதும் ஒரு சென்டிமீட்டர் கூடத்தான் காட்டும். பெற்றோரின் ஆசையும் அதில் சேர்ந்துகொள்ளும். இன்னொரு விஷயம்: நாள் முழுக்க நின்று நடந்து முதுகெலும்பின் வட்டுகள் அழுந்துவதால் காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையலாம். சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை என்றால் அந்த ரைடைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிடுங்கள். நான்கு மணிக்குப் போய் நின்று, கோலுக்கு அரை விரற்கடை கீழே தலை நிற்பதைப் பார்க்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்த இந்தப் பூங்காவில் எந்த ஐஸ்கிரீமும் போதாது. ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. மடிமேல் இறங்கும் கம்பியும் தோள்பட்டைத் தாங்கியும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. அதைவிடச் சிறிய உடல் அவற்றுக்கு அடியில் வழுக்கும்.

பொதுவாக நாலு வயதில் பிள்ளைகள் 100 செ.மீ. பக்கத்தில் இருப்பார்கள், ஐந்து முடியும்போது 110 பக்கம், எட்டு வயதில் 125ஐ ஒட்டி. இதோடு டிக்கெட் விதியைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நாலு வயது நிரம்பாத குழந்தைக்கு நுழைவு இலவசம். 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம், 13இல் பெரியவர் கட்டணம், 60 முதல் மூத்தோர் சலுகை. பெரியவர் சீட்டு 80 வெள்ளியை ஒட்டி, தேதிக்குத் தகுந்தாற்போல் ஏறி இறங்கும். சிறுவர் சீட்டு அதைவிடச் சற்றுக் குறைவு. (சிங்கப்பூர்த் தமிழில் டாலர் என்பது வெள்ளிதான்.) அதாவது மூன்றே முக்கால் வயதில் 95 செ.மீ. உயரமுள்ள குழந்தை ஒரு காசு கொடுக்காமல் உள்ளே வந்து ஏழெட்டு ரைடில் ஏறும். அதே குழந்தை நாலே கால் வயதில், 99 செ.மீ.யில், முழுச் சிறுவர் கட்டணம் கொடுத்துவிட்டு அதே ஏழெட்டில்தான் ஏறும். நாலாம் பிறந்தநாளிலிருந்து 107 செ.மீ. வரைக்குமான காலம்தான் இந்தப் பூங்காவில் அதிகம் கொடுத்துக் குறைவாகப் பெறும் காலம். பயணத்தை முன்னே பின்னே தள்ள முடிந்தால் பிறந்தநாளுக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் 107 வரை பொறுங்கள். வயதுக்குச் சான்றாகக் குழந்தையின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மூன்று வயதுக்குக் கீழே? போகலாம், ஆனால் அந்தக் குழந்தைக்காகப் போகவேண்டாம். செசமி ஸ்ட்ரீட் ரைடு, மினியன் லேண்டின் சில்லி ஸ்விர்லி, மேலே கீழே ஏறி இறங்கும் டைனோ சோரின், பொம்மை வேடக்காரர்களோடு படம் என்று இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க வெயிலும் வரிசையும். வீட்டில் அந்த ஒரு குழந்தைதான் என்றால் அதே வளாகத்தில் 2025 ஜூலையில் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம் நல்ல தேர்வு. குளிரூட்டிய கட்டடம், ஸ்ட்ரோலர் தடையில்லாமல் உருளும், மீனைப் பார்க்க உயரம் தேவையில்லை.

தொண்ணூறுகளில் இருக்கும் பிள்ளைக்கு முதல் ரோலர் கோஸ்டர் என்சான்டட் ஏர்வேஸ். டிராகன் முதுகில் சின்னதாக ஒரு சுற்று, ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும், தலைகீழ் எதுவும் கிடையாது. முதல் தடவை உதட்டைப் பிதுக்கும் பிள்ளை இறங்கியதும் மறுபடி என்று கேட்டால் அடுத்த படிக்குத் தயார் என்று அர்த்தம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் புஸ் இன் பூட்ஸ்: தொங்கும் தண்டவாளம், ஆனால் மெதுவாகப் போகும். பயத்தை இப்படிப் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். என்சான்டட் ஏர்வேஸ், புஸ், கேனபி ஃபிளையர், டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி என்ற வரிசை பெரும்பாலும் எடுபடும். கேனபி ஃபிளையர் பற்றி ஓர் எச்சரிக்கை. இருக்கைகள் முதுகுக்கு முதுகாக அமைந்தவை. பாதிப் பேர் முன்னே பார்த்துப் பறப்பார்கள், பாதிப் பேர் பின்னோக்கிப் போவார்கள். எதிரே வருவது தெரியாமல் பின்னோக்கிப் போவது சில குழந்தைகளுக்குக் கூடுதல் பயம், சிலருக்குக் கூடுதல் சிரிப்பு. ஒரு வண்டியில் சிலரே ஏற முடியும் என்பதால் வரிசை நத்தை வேகத்தில் நகரும். ரைடு என்னவோ சின்னது, காத்திருப்புதான் பெரியது. திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போகவில்லை என்றால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

102ஐத் தாண்டியதும் பெற்றோர் செய்யும் பொதுவான தவறு, அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக நேரே டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஏற்றுவது. அது ரோலர் கோஸ்டர் இல்லை. தண்டவாளத்தில் ஓடும் வண்டி, சுற்றிலும் முப்பரிமாணத் திரைகள், காதைப் பிளக்கும் சத்தம், முகத்தில் வெப்பமும் காற்றும். கண் நூறடி உயரத்திலிருந்து விழுவதாகச் சொல்லும், உடம்பு இருந்த இடத்தில் குலுங்குவதாகச் சொல்லும். இரண்டுக்கும் ஒத்துவராதபோதுதான் குமட்டல் வருகிறது. கார்ப் பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து ஏற்றுங்கள். நடுவில் ஒத்துக்கொள்ளாவிட்டால் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னிருக்கையின் முதுகைப் பார்க்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த முப்பரிமாணக் கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காமல் நழுவும்; ஒரு விரலால் பிடித்துக்கொள்ளப் பழக்கவேண்டும். இத்தனையும் சொன்னபின் சொல்ல வேண்டியது: ஏழு வயதிலிருந்து எழுபது வயது வரை எல்லாரும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு இறங்கும் ரைடு இந்தப் பூங்காவில் இது ஒன்றுதான். மினியன் மேஹெமும் அதே உயர விதி, அதே குலுக்கல் வகை, ஆனால் கதை வேடிக்கையானது என்பதால் பயம் குறைவு. முதலில் அதில் ஏற்றிப் பார்த்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குப் போவது நல்லது.

107இல் திறக்கும் ரேபிட்ஸுக்கு வருவோம். வட்டமான மிதவை, சுற்றி உட்கார்ந்து எதிரெதிர் முகம் பார்த்துப் போகலாம். குடும்பமாக ஏற இதைவிட நல்ல ரைடு இங்கே இல்லை. பாதி வழியில் இருட்டுக்குள் மிதவை அப்படியே லிஃப்டில் மேலே ஏறும், பிறகு ஒரே சரிவு. யார் நனைவார், யார் தப்புவார் என்பது மிதவை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது, அதனால் மூலை பார்த்து உட்காருவதில் பிரயோசனமில்லை. நனைந்தால் தொப்பலாகத்தான் நனைவீர்கள். அங்கே விற்கும் பிளாஸ்டிக் அங்கியை வாங்குவதைவிட நம் ஊர்க் கடையிலேயே மெல்லிய மழை அங்கி ஆளுக்கொன்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டால் லாபம். தலையும் தொடையும் மறையும், கால் மறையாது. ஆகவே ஷூவுக்குப் பதில் பின்பக்கம் வார் உள்ள செருப்பு. ஜீன்ஸ் வேண்டாம், அது மாலை வரை காயாது. பருத்திப் புடவையும் அப்படியே. நனைந்த உடுப்போடு குளிரூட்டிய அரங்குகளுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு நடுக்கம் எடுக்கும், எனவே மாற்று உடை ஒன்று கட்டாயம். இந்த ரைடுக்கு அருகிலுள்ள லாக்கருக்குக் காசு. பேட்டில்ஸ்டார், மம்மி பக்கம் உள்ளவை முதல் கொஞ்ச நேரம் இலவசம், நேரம் மீறினால் கட்டணம் ஏறும். வரிசை எவ்வளவு என்று பலகையில் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.

122இல் மம்மி. அளவுகோலைத் தாண்டிவிட்டான் என்பது உடம்பைப் பற்றிய செய்தி. மனசைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. முழுக்க முழுக்க உள்ளரங்கு, கும்மிருட்டு, வண்டுகள் ஊரும் காட்சி, ஓரிடத்தில் பின்னோக்கி ஓட்டம், பிறகு திடீரென்று ஒரு பாய்ச்சல். உயரம் தெரியாததால் சில பெரியவர்களுக்கு இது எளிது. இருட்டுக்குப் பயப்படும் ஏழு வயதுக்கு இது பேட்டில்ஸ்டாரைவிட மோசம். தயங்கும் பிள்ளையை வெளியேறும் வழியருகே ஐந்து நிமிடம் நிறுத்தி, இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வையுங்கள். சிரித்துக்கொண்டு வரும் தன் வயதுப் பிள்ளையைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். போகவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா: 42.5 மீட்டர் உயரம், மணிக்கு 90 கிலோமீட்டர் வரை வேகம், பக்கம் பக்கமாக இரண்டு தண்டவாளங்கள். சிவப்பு வண்டி ஹியூமன், வழக்கம்போல் உட்கார்ந்து போவது, தலைகீழ் கிடையாது. மற்றது சைலான், கால் தொங்க, ஐந்து முறை தலைகீழாகக் கவிழ்வது. 125ஐ இப்போதுதான் தொட்ட பிள்ளைக்கு முதலில் ஹியூமன். சைலானில் தளர்வான செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். துப்பட்டா, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் கைபேசி எதுவும் கூடாது. தாலிச் சங்கிலியும் கழுத்துச் சங்கிலியும் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், தளர்ந்த வளையலைக் கழற்றிவிடுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இங்கே சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்கள் தேடி வரும் பெரிய ரைடு என்று பார்த்தால் பேட்டில்ஸ்டார் இரண்டு, மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அவ்வளவுதான். தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு; காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் ஏற்றிவிடுவார்கள், பக்கத்தில் முன்பின் தெரியாதவர் இருப்பார். 122க்கு மேல் இருந்தால் இதில் போகலாம். பொது வரிசை ஒரு மணி நேரம் காட்டும்போது அவர்கள் கால் மணியில் முடித்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு வந்து இனி என்ன என்று நிற்பார்கள். பதினாலு வயதுப் பையனுக்காக மட்டும் இவ்வளவு செலவா என்று கேட்டால், வேண்டாம் என்றே பதில். சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்ட் என்ற புதிய பகுதி வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அது திறந்தபின் இந்தப் பதில் மாறலாம்.

சிக்கல் எல்லாம் மூன்று வயதும் ஒன்பது வயதும் ஒரே வீட்டில் இருக்கும்போதுதான், நம் குடும்பங்களில் அதுதானே அதிகம். இதற்கு இரண்டு வழி. ஒன்று, மாறி மாறி ஏறும் ஏற்பாடு. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் வரிசையில் நுழையும் முன்பே சொல்லவேண்டும். கடைசியில் சொன்னால் குழப்பம். குடும்பமே வரிசையில் போகும், அப்பா ஏறும்போது அம்மா சின்னதோடு காத்திருப்பார், அவர் இறங்கியதும் மறுபடி வரிசை நிற்காமல் அம்மா ஏறலாம். ஸ்ட்ரோலரை வரிசைக்குள் கொண்டுபோக முடியாது, வெளியே நிறுத்தவேண்டும். பாஸ்போர்ட்டும் பணமும் அதில் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது வழி, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிவது, அடுத்தடுத்த பகுதிகளிலேயே பிரிவது. காலையில் பெரியதும் ஒரு பெற்றோரும் சைஃபை சிட்டியில் பேட்டில்ஸ்டார், டிரான்ஸ்ஃபார்மர்ஸ். சின்னதும் மற்றவரும் பக்கத்து நியூயார்க்கில் செசமி ஸ்ட்ரீட். இருட்டாக இருந்தாலும் பயமுறுத்தாத, உட்கார்ந்தே போகும் ரைடு அது. இரண்டு தடவைகூடப் போகலாம். ஆனால் அதே நியூயார்க்கில் இருக்கும் புயல் காட்சி அரங்குக்குள் மூன்று வயதைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். நியூயார்க் துறைமுகத்தில் புயல் அடிப்பதை நெருப்பும் நீரும் சத்தமுமாக நடத்திக் காட்டுவார்கள். பெரியவர்களுக்கே திக்கென்று இருக்கும். மதியத்துக்கு மேல் பெரியது ரேபிட்ஸில், சின்னது அதே லாஸ்ட் வேர்ல்டில் டைனோ சோரினில். அடுத்து ஃபார் ஃபார் அவே, சின்னது 92ஐத் தொட்டிருந்தால் அங்கே என்சான்டட் ஏர்வேஸில் எல்லாரும் சேர்ந்தே ஏறலாம். எகிப்துப் பகுதியில் மட்டும் சின்னப் பிள்ளைக்கு வேலை மிகக் குறைவு. மம்மிக்குப் போகிறவர்கள் போகட்டும், மற்றவர்கள் அங்கே வெயிலில் நிற்காமல் முன்னே நடந்துவிடுங்கள். பாட்டி தாத்தா உடன் வந்தால் கணக்கே மாறும். மூத்தோர் சீட்டில் வந்து நிழலில் உட்கார்ந்து சின்னதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் பெற்றோர் இருவரும் பெரியதோடு ஏறலாம். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர்களை அந்த வேலையிலேயே வைக்காதீர்கள். வாட்டர்வேர்ல்ட் காட்சி எல்லாருக்கும் பொது: இருபது நிமிடத்தைச் சுற்றி ஓடும், உட்கார்ந்தே பார்க்கலாம். இருபது நிமிடம் முன்னதாகப் போனால் நடுவரிசை கிடைக்கும். முன்வரிசை இருக்கைகள் நனையும் பகுதி என்று குறியிட்டிருப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை, வாளி வாளியாக ஊற்றுவார்கள்.

எந்த நாளில் போவது என்பதில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறைகள் ஜூன் மாதமும் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிவு வரையும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம். நம் கோடை விடுமுறையோ ஏப்ரல், மே. ஆகவே ஏப்ரலிலிருந்து மே மூன்றாம் வாரம் வரை உள்ள வாரநாட்கள், புனித வெள்ளி, மே தினம், விசாக தினம் இவற்றை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால், நல்ல தேர்வு. அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் கடைசி வாரம் போகிறவர்கள் மிக நெரிசலான வாரத்தைத் தேடிப் போகிறார்கள். காலாண்டு, ஆயுத பூஜை விடுமுறையில் போனால் வேறொன்றைப் பாருங்கள்: செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சில இரவுகளில் ஹாலோவீன் திகில் நிகழ்ச்சி தனி டிக்கெட்டில் நடக்கும், அந்த நாட்களில் பகல் பார்வையாளர்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதே காசுக்கு இரண்டு மணி நேரம் குறைவு. தேதியைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் கூட்டத்துக்கேற்ப விலை ஏறும், நெரிசல் நாளில் நுழைவுச்சீட்டையே மிஞ்சும். வாங்கலாமா? 122க்குக் கீழே பிள்ளை என்றால் வேண்டாம். அவன் ஏறும் ரைடுகளில் பாதிக்கு வரிசை நீளாது. எல்லாரும் 125க்கு மேல், டிசம்பர், ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மழைக்கு ஒரு திட்டம் வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகள் எல்லாம் நின்றுவிடும்: பேட்டில்ஸ்டார், கேனபி ஃபிளையர், டைனோ சோரின், என்சான்டட் ஏர்வேஸ், புஸ், ரேபிட்ஸ். பாருங்கள், 92லிருந்து 107 வரையுள்ள பிள்ளையின் பட்டியலே கிட்டத்தட்ட இதுதான். மழையில் அதிகம் இழப்பது இந்த உயரக்காரர்கள். சிங்கப்பூரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும், ஏப்ரல், மே மாதங்களிலும் அப்படித்தான். எனவே காலை 10 மணிக்குத் திறந்ததும் வெளி ரைடுகள். வானம் கறுத்ததும் கூரைக்குக் கீழே உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, செசமி, மினியன் மேஹெம். எல்லாரும் அதையே செய்வார்கள் என்பதால் முதல் இடி கேட்ட உடனே நகரவேண்டும், மழை விழும்வரை காத்திருக்கக்கூடாது. மழைக்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், விட்டதும் ஈரத்தைத் துடைத்துச் சோதித்த பிறகே ரைடுகளைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் வாசல் பக்கம் போய் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நல்ல அறுவடை.

சாப்பாடுதான் இந்தப் பூங்காவின் பலவீனம். வெளி உணவு உள்ளே அனுமதி இல்லை. கைக்குழந்தைக்கான உணவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தடுப்பதில்லை. கழிவறைகளுக்கு அருகே குடிநீர்க் குழாய் இருக்கும், பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். உள்ளே தண்ணீருக்குக் கொடுக்கும் விலை வயிற்றெரிச்சல். எகிப்துப் பகுதியின் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய, மத்தியக் கிழக்கு வகை உணவு கிடைக்கும். சைவக் குடும்பங்கள் போய்ச் சேரும் இடம் அதுதான், சுவையை வீட்டோடு ஒப்பிடாமல் இருந்தால் சரி. பன்னிரண்டு மணிக்கு முன்போ இரண்டுக்குப் பின்போ போங்கள்.

உண்மையான தீர்வு காலைச் சிற்றுண்டியில் இருக்கிறது. லிட்டில் இந்தியா பக்கம் தங்கியிருந்தால் சிராங்கூன் சாலையில் 1947லிருந்து நடக்கும் கோமள விலாஸ் மாதிரி ஓர் இடத்தில் வயிறு நிறைய இட்லி தோசை முடித்துவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறுங்கள். வடகிழக்குத் தடத்தில் லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் நேரடி, மாறவேண்டியதில்லை. அதுதான் கடைசி நிலையம் என்பதால் தூங்கிப்போனாலும் தப்பாது. 90 செ.மீ.க்குக் கீழே உள்ள குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. இந்த ஊரில் ரயிலுக்கும் சென்டிமீட்டர் கணக்குதான். மேலே விவோசிட்டி கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ், உள்ளே போக 4 வெள்ளி. அல்லது முதல் தளத்திலிருந்து பலகை நடைபாதை வழியாகக் கால் மணி நேர நடை, இலவசம். காலையில் கடல் காற்றோடு நன்றாக இருக்கும். திரும்பும்போது நடக்கவேண்டாம். மாலையில் தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டு அந்தத் தூரம் கடப்பது கஷ்டம்; தீவிலிருந்து வெளியே வரும் ரயிலுக்குக் காசும் கேட்பதில்லை. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே வெளியே வந்துவிட்டால் நடைமேடையில் நெரிசல் இருக்காது. வாசலில் சுழலும் பூமி உருண்டை முன்னால் கூட்டம் விலகுவதற்குக் காத்திருக்காமல் குடும்பப் படமும் எடுத்துக்கொள்ளலாம்.